ஆர் ஏற்றியது?

(இணையவழி இலக்கிய அமர்வில் சிட்னியிலிருந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திரையில் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே சிட்னியில் மாலை 7 மணி. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பிற்பகல் 2.30. இலண்டன் நண்பர்களுக்குக் காலை 10 மணி. ரொறன்ரோவிலிருந்து இருவர் அதிகாலை 5 மணிக்கு எழும்பி வந்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி வணக்கம். இந்த நேர வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். உரையின் நடுவில் அது எனக்குத் தேவைப்படும்.

இந்த அமர்வில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று ஒழுங்குசெய்தவர் கேட்டபோது, "மின்னேற்றம்" என்றேன். கொஞ்ச நேரம் தொலைபேசியில் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணை, இது இலக்கியக் கூட்டம்" என்றார். தெரியும், ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றேன். அப்படித்தான் இந்த உரை தொடங்கியது.

நான் ஊரில் ஆறு வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவன். இங்கே வந்தபிறகு வேறு வேலை. சோக்கட்டி பிடித்துப் பல வருடமாகிவிட்டது. போன வருடம் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இங்கத்தைய பாடத்திட்டத்தில் மில்லிகனின் எண்ணெய்த் துளிப் பரிசோதனையும் இருக்கிறது, குவார்க்குகளும் இருக்கின்றன. ஒரு நாள் இரவு சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டாள்: "அப்பா, சார்ஜ் எண்டால் என்ன?"

எனக்குச் சந்தோஷம். பழைய வாத்தியார் எழும்பிவிட்டார். "தமிழிலை அதுக்கு மின்னேற்றம் எண்டு பேர்" என்று தொடங்கினேன். அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமைகளில் போன பிள்ளை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏற்றம் எண்டால் ஏத்துறதுதானே? ஆர் ஏத்தினது?" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. ஆறு வருடத்தில் ஒரு மாணவர்கூட என்னிடம் இதைக் கேட்கவில்லை. எங்களுக்கு அந்தச் சொல் பழகிப்போனது. பழகிய சொல்லை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவளுக்கு அது புதுச் சொல். ஆகவே அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று நேராகப் பார்த்துவிட்டாள்.

இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் மின்னேற்றம் என்றோம். தமிழ்நாட்டு நண்பர்கள் மின்னூட்டம் என்று படித்திருப்பீர்கள். மின்சுமை என்றும் ஒரு வழக்கு உண்டு. ஏற்றுவது, ஊட்டுவது, சுமப்பது. மூன்றுமே வெளியிலிருந்து ஒன்று வந்து சேர்ந்ததாகச் சொல்கின்றன. ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான். வண்டியில் பாரம் ஏற்றுவதிலிருந்தும் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதிலிருந்தும் வந்தது அது. 1740களில் பெஞ்சமின் பிராங்ளின் மின்சாரத்தை ஒரு திரவம் போலக் கற்பனை செய்தார். திரவம் கூடினால் நேர், குறைந்தால் மறை. கண்ணாடிக் குழாயைத் துணியால் தேய்க்கும் வேலைக்கு அந்தக் கற்பனை போதுமானதாக இருந்தது. தலை இழுத்த சீப்பு கடதாசித் துண்டைப் பிடிப்பதற்கும் போதும். அங்கே உண்மையிலேயே ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது.

போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறோம் என்கிறோமே, அது இன்னொரு வேடிக்கை. இரவு முழுக்கச் செருகி வைத்தாலும் போனின் மொத்த மின்னேற்றம் மாறுவதில்லை. ஒரு கம்பியால் போன அளவு மற்றக் கம்பியால் திரும்பி வந்துவிடுகிறது. ஏறியது சக்தி மட்டும்.

சீப்பில் ஏறியது என்ன என்று கேட்டால், இலத்திரன்கள். தமிழ்நாட்டில் எலக்ட்ரான் என்பீர்கள். சரி, அந்த இலத்திரனில் ஏற்றியது யார்? இதுதான் மகளின் கேள்வி. சீப்பிலிருந்து ஏற்றத்தை இறக்கலாம். இலத்திரனிலிருந்து இறக்க முடியாது. ஏற்றம் நீங்கிய வெறும் இலத்திரன் என்று ஒன்றை யாரும் கண்டதில்லை. பாதி ஏற்றப்பட்ட இலத்திரனும் இல்லை. உலகத்தில் எந்த இலத்திரனை எடுத்தாலும், எந்தக் காலத்தில் எடுத்தாலும் ஒரே அளவு.

அந்த அளவு என்ன என்று தேடிய கதையில் எங்கள் மெல்பேர்ன் நகரத்துக்கு ஒரு பங்கு உண்டு. சிக்காகோவில் மில்லிகன் 1909 தொடக்கம் எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு அளந்தார். துளியின் ஏற்றம் எப்போதும் ஒரு சிறு அளவின் முழு எண் மடங்காகவே வந்தது. சில்லறைக் காசு மாதிரி. அரைச் சதம் என்று ஒன்று இல்லை. அதற்கு அவருக்கு 1923இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் 1930களில் எக்ஸ் கதிர்களையும் பளிங்குகளையும் வைத்து வேறு வழியில் கணக்கிட்டவர்களுக்கு இலக்கம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசம்தான். ஆனால் அடிப்படை மாறிலியில் அது பெரிய சங்கடம்.

மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தோமஸ் லேபி இருந்தார். விக்டோரியா மாநிலத்தின் கிரெஸ்விக் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1911இல் கே என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பௌதிக, இரசாயன மாறிலிகளின் அட்டவணை நூல் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் பயன்பட்டது. அளவீட்டில் பிழை பொறுக்காத மனிதர். அவரும் ஹொப்பர் என்ற ஆய்வாளரும் எண்ணெய்த் துளிப் பரிசோதனையைத் திரும்பச் செய்தார்கள். மில்லிகனின் மின்புலம் மேலும் கீழுமாக இருந்தது. இவர்கள் தட்டுகளை நிமிர்த்தி வைத்துப் புலத்தைப் பக்கவாட்டில் ஆக்கினார்கள். துளி ஈர்ப்பால் கீழே விழும். மின்னேற்றத்தால் பக்கத்துக்கு நகரும். அந்தப் பாதையைப் படம் பிடித்து அளந்தார்கள். முடிவு 1941இல் வெளிவந்தது. மில்லிகனின் துளிகளில் தவறு இருக்கவில்லை. காற்றின் பிசுக்குத்தன்மைக்கு அவர் எடுத்துக்கொண்ட பெறுமானம்தான் பிழை. துளியை அளக்கப் போனவர் துளி நீந்திய காற்றைச் சரியாக அளக்கவில்லை.

இன்று யாரும் அந்த அளவைத் தேடுவதில்லை. 2019 மே 20 முதல் அது சர்வதேச உடன்பாட்டால் நிலைநிறுத்தப்பட்ட இலக்கம்: 1.602176634ஐ, ஒன்றுக்குப் பின் 19 பூச்சியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் வரும் அத்தனை கூலோம். முன்பு நம் அலகுகளால் இலத்திரனை அளந்தோம். இப்போது இலத்திரனை வைத்து நம் அலகுகளை அளக்கிறோம்.

இதுவரை கேட்டால், உலகத்தின் மிகச் சிறிய காசைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றும். 1964இல் அதிலும் ஒரு கல் விழுந்தது. முரே கெல்-மான், ஜோர்ஜ் சுவைக் என்ற இருவர் தனித்தனியே ஒரு யோசனையை முன்வைத்தார்கள். புரோத்தனும் நியூத்திரனும் அடிப்படைத் துணிக்கைகள் இல்லை. அவற்றுள் குவார்க்குகள் இருக்கின்றன. மேல் குவார்க்கின் ஏற்றம் மூன்றில் இரண்டு. கீழ் குவார்க்கின் ஏற்றம் மறை மூன்றில் ஒன்று. இரண்டு மேல், ஒரு கீழ் சேர்ந்தால் புரோத்தன், கூட்டிப்பாருங்கள், சரியாக ஒன்று. ஒரு மேல், இரண்டு கீழ் சேர்ந்தால் நியூத்திரன், பூச்சியம். கணக்கு அழகாக வருகிறது. ஆனால் காசை மூன்றாக வெட்டியாயிற்று. அப்படியானால் வெட்டிய துண்டு எங்காவது தனியாகக் கிடைக்க வேண்டுமே?

இந்த இடத்தில் நான் இப்போது பேசிக்கொண்டிருக்கும் ஊர் கதைக்குள் வருகிறது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பிரையன் மக்கஸ்கர் அண்டக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். நியூ சவுத் வேல்ஸின் வடக்கே பில்லிகா காட்டுக்குள் சதுர கிலோமீற்றர் கணக்கில் உணர்கருவிகளைப் புதைத்து, வானத்திலிருந்து விழும் துணிக்கை மழையைப் பதிவுசெய்தவர்கள் அவரது குழுவினர். வேறொரு ஆய்வில் முகில் அறைகளை வைத்தார்கள். முகில் அறை என்றால் ஈரப்பதன் நிறைந்த பெட்டி. ஏற்றமுள்ள துணிக்கை ஒன்று ஊடே போனால் அதன் வழியில் நீர்த்துளிகள் வரிசையாகப் படியும். எத்தனை துளிகள் என்பது ஏற்றத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்றில் இரண்டின் வர்க்கம் ஒன்பதில் நான்கு. ஆகவே மேல் குவார்க்கு ஒன்று தனியே போனால், வழமையான தடத்தில் உள்ள துளிகளில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். மங்கலான ஒரு கோடு.

பல்லாயிரம் தடங்களை எண்ணிப் பார்த்தார்கள். அவற்றுள் ஒரு சில தடங்கள் மங்கலாக இருந்தன. 1969இல் மக்கஸ்கரும் கெய்ர்ன்ஸும் அதைக் குவார்க்குக்கான சான்று என்று வெளியிட்டார்கள். அண்டக் கதிர் ஆய்வாளர் உலகம் முழுக்கச் சிட்னியைத் திரும்பிப் பார்த்தது.

அது நிலைக்கவில்லை. அத்தனை ஆயிரம் தடங்களில் சில, தற்செயலாகவே மங்கலாக அமையலாம் என்றார்கள் விமர்சகர்கள். மற்ற ஆய்வுகூடங்கள் தேடின, கிடைக்கவில்லை. 1970களில், குவார்க்குகளைப் பிணைக்கும் விசை அவற்றை விலக்க விலக்கத் தளர்வதில்லை என்ற கோட்பாடு வந்தது. இழுத்துப் பிரிக்கப் போனால், நாம் செலவிட்ட சக்தியிலிருந்தே புதுக் குவார்க்குகள் பிறந்து பழையவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஒன்று தனியே வெளியே வராது. குவார்க்குகள் உண்மை, உடைத்துப் பார்த்த பரிசோதனைகள் அதைக் காட்டிவிட்டன. ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம் தனியே தெருவில் நடமாடுவதை இன்றுவரை யாரும் உறுதிப்படுத்தவில்லை.

மக்கஸ்கர் 1983இல் "குவார்க்குகளுக்கான தேடல்" என்ற பொருளுள்ள தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவரைத் தோற்றவர் என்று கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. மங்கலான கோடு ஒன்றைக் கண்டால் "இது அழுக்கு" என்று துடைத்துவிடுவது சுலபம். அவர் எண்ணினார், வெளியிட்டார், மற்றவர்கள் சரிபார்க்க இடம் கொடுத்தார். பிழையாகச் சொன்னாலும் சரிபார்க்கக்கூடிய விதத்தில் சொல்வது ஒரு நேர்மை. வகுப்பில் நின்ற ஆறு வருடத்தில் நான் அந்த ஆபத்தை எடுக்கவில்லை. "மின்னேற்றம் என்பது சடப்பொருளின் ஒரு பண்பு" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். அந்த வசனத்தில் பிழை இல்லை. ஆனால் அதில் ஒன்றுமே இல்லை.

சரி, வசனத்தில் என்ன இருந்திருக்க வேண்டும்? இப்போது உங்கள் கடிகாரங்களைப் பாருங்கள்.

நாம் எல்லோரும் ஒரே உரையில் இருக்கிறோம். ஆனால் முட்கள் வேறு வேறு இடத்தில் நிற்கின்றன. எந்த ஊரும் தன் மணியைத் தானே வைத்துக்கொள்ளலாம், உரை மாறாது. ஒரே ஒரு நிபந்தனை: ஊருக்கு ஊர் என்ன வித்தியாசம் என்ற தகவல் எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டும். இல்லாவிட்டால் ரொறன்ரோ நண்பர்கள் உரை முடிந்தபிறகு வந்து நிற்பார்கள்.

இலத்திரன் போன்ற துணிக்கை ஒவ்வொன்றையும் ஒரு கடிகார முள்ளைச் சுமந்தபடி திரியும் அலையாகத்தான் குவாண்டம் கோட்பாடு விவரிக்கிறது. அந்த முள்ளின் பூச்சியம் எங்கே என்பதை அண்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இயற்கையின் விதிகள் அதனால் மாறக்கூடாது. அப்படி ஒரு சுதந்திரத்தைக் கொடுத்தால், புள்ளிக்குப் புள்ளி வித்தியாசத்தைக் காவிச் செல்ல ஒரு தூதர் கட்டாயம் வேண்டும். அந்தத் தூதர்தான் மின்காந்தப் புலம். அதாவது ஒளி. தூதர் ஒரு செய்தி கொண்டுவந்தால் இந்தத் துணிக்கையின் முள் எவ்வளவு திரும்பும்? அந்த அளவுக்குத்தான் மின்னேற்றம் என்று பெயர். இலத்திரனின் முள் ஒரு முழு அளவு திரும்பும். கீழ் குவார்க்கின் முள் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதே பக்கம். மேல் குவார்க்கு எதிர்ப்பக்கமாக மூன்றில் இரண்டு. நியூட்ரினோவின் முள் அசையவே அசையாது. ஒளி அதற்கு எதுவும் சொல்வதில்லை. ஆகவேதான் நியூட்ரினோக்கள் நம் உடம்பினூடாக இந்த நிமிடமும் நமக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆக, அடிப்படைத் துணிக்கையில் மின்னேற்றம் என்பது அதற்குள் வைத்திருக்கும் ஒரு பொருள் இல்லை. ஒளியோடு அதற்குள்ள உறவின் அளவு. ஒருவர் எனக்கு மாமா என்றால், அவருக்குள் மாமா என்று ஒரு உறுப்பு இருப்பதாக யாரும் தேடுவதில்லையே, அதுபோல. இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. 1918இல் எம்மி நோதர் என்ற கணித அறிஞர் ஒரு தேற்றத்தை வெளியிட்டார்: விதிகளில் இப்படிப்பட்ட ஒரு சமச்சீர் இருந்தால், அதற்கு ஈடாக ஏதோ ஒரு அளவு ஒருபோதும் கூடாது, குறையாது. முள்ளின் பூச்சியத்தை எங்கே வைத்தாலும் சரி என்ற சமச்சீருக்கு ஈடாகக் கிடைப்பதுதான் மொத்த மின்னேற்றம் மாறாது என்ற விதி. நாங்கள் பாடமாக்கிய காப்பு விதியின் அடி வேர் அது.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லி முடித்தபோது அவள் விடவில்லை. "அப்ப ஏன் புரோத்தனும் இலத்திரனும் சரிசமன்? ஒண்டு மூண்டு குவார்க்கு, மற்றது தனி ஆள். சொந்தக்காரர்கூட இல்லை."

நல்ல கேள்வி. 1959இல் லிட்டில்டன், பொண்டி என்ற இருவர், இரண்டும் துளி வித்தியாசப்பட்டால் என்ன என்று கேட்டார்கள். ஒன்றுக்குப் பின் 18 பூச்சியங்கள் வரும் எண்ணில் இரண்டு பங்கு வித்தியாசம் போதும், அண்டம் விரிவதையே அந்தத் தள்ளுகையால் விளக்கிவிடலாம் என்றார்கள். அதே ஆண்டிலேயே பரிசோதனை அதை மறுத்துவிட்டது. இன்றைக்குத் தெரிந்தவரை, ஒன்றுக்குப் பின் 21 பூச்சியங்கள் வரும் எண்ணில் ஒரு பங்குக்குமேல் வித்தியாசம் இல்லை. மறுபக்கம், ஃபெயின்மன் தன் விரிவுரையில் ஒரு கணக்குச் சொல்வார்: கை நீட்டும் தூரத்தில் நிற்கும் இருவரின் உடம்பில் இலத்திரன்கள் ஒரே ஒரு சதவீதம் கூடினால், அவர்களிடையே எழும் தள்ளுகை பூமியின் எடையளவு பாரத்தையே தூக்கப் போதும். நாம் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிக்க முடிவது அந்தச் சமநிலையின் தயவில்.

ஏன் சமன்? மறுபடி மெல்பேர்ன். 1990 அளவில் அங்கே ஃபுட், ஜோஷி, லூ, வோல்காஸ் என்ற நால்வர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். குவாண்டம் கணக்கு முரண்படாமல் நிற்க வேண்டுமானால் துணிக்கைகளின் ஏற்றங்கள் சில சமன்பாடுகளுக்குக் கட்டுப்படவேண்டும். அந்தக் கட்டுப்பாடுகளே ஏற்றங்களை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். அதில் ஒன்றை நீங்களே இப்போது செய்து பார்க்கலாம். ஒவ்வொரு குவார்க்கும் மூன்று "நிறங்களில்" வரும். மூன்று மேல் குவார்க்குகள்: இரண்டு. மூன்று கீழ் குவார்க்குகள்: மறை ஒன்று. இலத்திரன்: மறை ஒன்று. நியூட்ரினோ: பூச்சியம். கூட்டினால் பூச்சியம். குவார்க்குகள் இல்லாமல் இலத்திரன் மட்டும் உள்ள ஒரு உலகத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. சொந்தக்காரர் இல்லை என்று மகள் சொன்னவர்கள் ஒரே குடும்ப அட்டையில் இருக்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நியூட்ரினோ தானே தன் எதிர்த்துணிக்கையாக இருந்தால் இந்தக் கட்டுப்பாடு முழுமையாக இறுகிவிடும். இல்லாவிட்டால் ஒரு சின்ன நெகிழ்வு மிஞ்சும். எது உண்மை என்று இன்னும் பரிசோதித்து முடியவில்லை. இன்னொரு விளக்கம், 1974இல் ஜோர்ஜையும் கிளாஷோவும் சொன்ன பெருங்கூட்டுக் கோட்பாடு. குவார்க்கும் இலத்திரனும் ஒரே மூலத்தின் இரண்டு முகங்கள் என்றால், ஏற்றங்கள் பொருந்துவதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: புரோத்தன் என்றாவது ஒரு நாள் சிதைய வேண்டும்.

அந்தச் சிதைவைத் தேடிய இடங்களில் ஒன்று நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. கோலார் தங்க வயல். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கித் தோண்டிய சுரங்கம். ஏறத்தாழ 2,300 மீற்றர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980இல் இரும்பை அடுக்கிக் காத்திருந்தார்கள். சில நிகழ்வுகளைக் கண்டதாகவும் அறிவித்தார்கள். சிட்னியின் மங்கல் கோடுகள் போலவே அவையும் உறுதிப்படவில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் எடுக்க வெட்டிய குழிக்குள் இறங்கி, ஏன் இரண்டு ஏற்றங்கள் சமன் என்று கேட்டவர்களை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும். அவர்களுக்கு வழி வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இருக்காது.

முடிக்கிறேன். இந்த இடத்தில், புலம்பெயர்ந்தவரின் அடையாளமும் மின்னேற்றம் போல என்று நான் ஒரு உவமை சொல்வேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். சொல்லமாட்டேன். மனிதர் மாறுவார்கள்; இலத்திரன் மாறாது. அந்த உவமை இரண்டு பேருக்கும் அநியாயம்.

சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று. ஏற்றம், ஊட்டம், சுமை என்ற மூன்றும் இலத்திரனைப் பொறுத்தவரை பிழையான படம். அதற்காக அவற்றைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். அணுவுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர், பிளக்க முடியாதது என்று நினைத்து வைத்தது. பிளந்தபிறகும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். படிப்பிக்கிறவர்கள் அந்தச் சொல்லை ஒருமுறையாவது பிள்ளைகளுக்கு முன்னால் திறந்து காட்டினால் போதும். நான் காட்டவில்லை. ஒரு பிள்ளை அரைகுறைத் தமிழோடு வந்து திறந்தாள்.

அன்று இரவு அவள் ஒரு கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் அந்தக் கூட்டலைப் போட்டாள். மூன்று முறை மூன்றில் இரண்டு, மூன்று முறை மறை மூன்றில் ஒன்று, மறை ஒன்று, பூச்சியம். விடை பூச்சியம் வந்ததும் பேனையை வைத்துவிட்டு, "அப்ப ஒருத்தரும் ஏத்தேல்லை. எல்லாம் சேர்ந்தால் ஒண்டுமில்லை" என்றாள்.

ஆர் ஏற்றியது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இன்னும் இல்லை.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ரொறன்ரோ நண்பர்கள் முதலில். அவர்கள் திரும்பிப் போய்ப் படுக்கவேண்டும்.